கை அசைவில் ஓடும் வாட்ச்: உள்ளே என்னதான் நடக்கிறது?

ஆட்டோமேட்டிக் வாட்ச் என்று பேச்செடுத்தாலே ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நாடித்துடிப்பில் ஓடுகிறது என்பார் ஒருவர். உடம்புச் சூட்டை எடுத்துக்கொள்கிறது என்பார் இன்னொருவர். உள்ளே குட்டியாக ஒரு டைனமோ இருக்கிறது, அது பேட்டரியை சார்ஜ் செய்கிறது என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. பேட்டரியே இல்லை, அதனால் ஆயுசுக்கும் நிற்காது என்று நம்பி வாங்கிவிட்டு, வெள்ளி மாலை கழற்றி வைத்தது திங்கள் காலை நின்றுபோயிருப்பதைப் பார்த்ததும் பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கொதிப்பவர்கள்தான் இதில் அதிகம்.

இதில் எதுவும் சரியில்லை. கையை ஆட்டினால் ஓடும் என்று சிலர் சொல்வது உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது, ஆனால் அதுவும் பாதிதான். கை அசைவு முட்களை நகர்த்துவதே இல்லை. அது ஒரு ஸ்பிரிங்கை முறுக்குகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. முறுக்கப்பட்ட அந்த ஸ்பிரிங்தான் வாட்ச்சை ஓட்டுகிறது. முறுக்குவது வேறு, ஓட்டுவது வேறு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஆட்டோமேட்டிக் வாட்ச் பற்றி எழும் கேள்விகள் பெரும்பாலானவற்றுக்கு நீங்களே பதில் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒரு தண்ணீர்த் தொட்டி

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கீழே ஒரு மோட்டார், அதற்கு வரும் மின்சாரம் ஒழுங்கில்லை: பத்து நிமிடம் ஓடும், அரை மணி நேரம் நிற்கும், மறுபடி இரண்டு நிமிடம் ஓடும். தொட்டியின் அடியில் ஒரு குழாய், அதிலிருந்து சொட்டுச் சொட்டாக, ஒரே சீராகத் தண்ணீர் விழுகிறது. மோட்டார் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்பது குழாயில் சொட்டும் தண்ணீருக்குத் தெரியாது. தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சொட்டிக்கொண்டே இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள் வேண்டும். மோட்டார் நிற்கும்போது ஏற்றிய தண்ணீர் அதே வழியாகக் கீழே இறங்கிவிடாமல் தடுக்க ஒரு வால்வு. தொட்டி நிரம்பிய பிறகும் மோட்டார் ஓடினால் உபரித் தண்ணீர் வெளியேற மேலே ஒரு குழாய்.

ஆட்டோமேட்டிக் வாட்ச்சில் இந்த ஐந்தும் அப்படியே இருக்கின்றன. மோட்டாரின் இடத்தில் ரோட்டார், தொட்டியின் இடத்தில் ஸ்பிரிங், சொட்டும் குழாயின் இடத்தில் எஸ்கேப்மென்ட், வால்வின் இடத்தில் ஒரு சின்னக் கொக்கி, உபரிக் குழாயின் இடத்தில் வழுக்கும் பட்டை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தொட்டியிலிருந்து தொடங்குவதுதான் நல்லது, ஏனென்றால் எல்லாரும் ரோட்டாரைப் பார்த்து மயங்கி ஸ்பிரிங்கை மறந்துவிடுகிறார்கள்.

தொட்டி: மெயின் ஸ்பிரிங்

சாவி கொடுக்கும் பழைய வாட்ச்சிலும் இன்றைய ஆட்டோமேட்டிக்கிலும் ஆற்றல் இருக்கும் இடம் ஒன்றேதான். மெல்லிய நாடா போன்ற ஒரு உலோகச் சுருள். நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 30 செ.மீ. நீளம் இருக்கும், கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இதற்கு மெயின் ஸ்பிரிங் என்று பெயர். இது பேரல் என்ற ஒரு வட்டமான மூடிய டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கிறது. டப்பாவின் வெளிவிளிம்பு முழுக்கப் பற்கள்.

நாடாவின் உள்முனை, டப்பாவின் நடுவில் உள்ள அச்சில் மாட்டியிருக்கும். வெளிமுனை டப்பாவின் உட்சுவரைப் பிடித்திருக்கும். நடு அச்சைத் திருகினால் நாடா அச்சைச் சுற்றி இறுக்கமாகச் சுருளும். விட்டால் விரியப் பார்க்கும். அச்சு பின்னோக்கித் திரும்ப முடியாமல் கொக்கி தடுத்துவிடுவதால், நாடாவுக்கு விரிய ஒரே ஒரு வழிதான் இருக்கிறது: டப்பாவைச் சுற்றுவது. டப்பா சுற்றினால் அதன் விளிம்புப் பற்கள் அடுத்த சக்கரத்தைத் தள்ளும், அது அதற்கடுத்ததை, இப்படியே கடைசியில் முட்கள் நகரும்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள், இந்த இடம்தான் எல்லாவற்றுக்கும் சாவி. முறுக்குவது நடு அச்சின் வழியாக. ஆற்றல் வெளியேறுவது டப்பாவின் விளிம்பு வழியாக. இரண்டும் வெவ்வேறு வாசல்கள். அதனால் வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் ஓட்டத்தைத் துளியும் தொந்தரவு செய்யாமல், இன்னொரு பக்கத்திலிருந்து முறுக்கிக்கொண்டே இருக்கலாம். இந்த வசதி இல்லாவிட்டால் ஆட்டோமேட்டிக் வாட்ச் என்ற ஒன்றே வந்திருக்காது.

எவ்வளவு ஆற்றல் இதில் அடங்கும்? பொதுவாக 40 மணி நேரம் ஓடக்கூடிய ஒரு கைக்கடிகாரத்தின் ஸ்பிரிங்கில், முழுதாக முறுக்கிய நிலையில், அரை ஜூலுக்கும் குறைவாகவே இருக்கும். கணக்குக்கு 0.4 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் எடையுள்ள ஒரு பொருளை மேஜையிலிருந்து 40 செ.மீ. உயரம் தூக்கினால் செலவாகும் ஆற்றல் அவ்வளவுதான். 9 வாட் எல்இடி விளக்கை இதை வைத்து ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட எரிக்க முடியாது. அதே ஆற்றலில் ஒரு வாட்ச் ஒன்றரை நாளைத் தாண்டி ஓடுகிறது. கணக்குப் போட்டால் அதன் சராசரிச் செலவு ஒரு வாட்டின் பத்து லட்சத்தில் மூன்று பங்கு மட்டுமே வருகிறது. இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. வாட்ச்சின் பசி இவ்வளவு சின்னது என்பதால்தான் கை அசைவு அதற்குப் போதுமானதாகிறது.

சொட்டும் குழாய்: எஸ்கேப்மென்ட்

முறுக்கிய ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் சில நொடிகளில் சர்ரென்று முழுவதும் அவிழ்ந்துவிடும், முட்கள் காற்றாடி போலச் சுழலும். அதைத் தடுத்து, துளித்துளியாக மட்டும் வெளியே விடும் அமைப்புக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். இதைத் தாளம் தவறாமல் இயக்குவது பேலன்ஸ் வீல், அதாவது இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னச் சக்கரம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எஸ்கேப்மென்ட் ஒரு பல்லை விடுவித்து உடனே பூட்டிக்கொள்கிறது, விடுவிக்கும் அந்தக் கணத்தில் சக்கரத்துக்கு ஒரு சிறு தள்ளும் கொடுக்கிறது. டிக் டிக் என்று கேட்கும் சத்தம் இந்தப் பூட்டலிலிருந்து வருவது. இன்று பரவலாக இருக்கும் பல இயந்திரங்களில் இது மணிக்கு 28,800 தடவை, நொடிக்கு எட்டு. அதனால்தான் விநாடி முள் வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரிகிறது.

இது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே இவ்வளவு போதும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: ஆற்றல் ஸ்பிரிங்கில் இருக்கிறது, எஸ்கேப்மென்ட் அதை அளந்து செலவு செய்கிறது. இரண்டும் சாவி கொடுக்கும் வாட்ச்சில் உள்ளவைதான். ஆட்டோமேட்டிக் என்பது இதற்கு மேல் ஒரு முறுக்கும் பொறியைச் சேர்த்தது, வேறொன்றுமில்லை.

மோட்டார்: ரோட்டார்

பின்பக்கம் கண்ணாடி வைத்த வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது இதுதான். அரைவட்டமாக ஒரு உலோகத் தகடு, நடுவில் ஒரு அச்சில் தங்குதடையில்லாமல் சுற்றும். எடை முழுவதும் வெளிவிளிம்பில் இருக்கும்படி செய்திருப்பார்கள், நடுப்பகுதி மெலிந்திருக்கும். இதற்கு ரோட்டார் என்று பெயர்.

ஒரு பக்கம் மட்டும் கனமாக இருப்பதுதான் இதன் சூட்சுமம். வாட்ச்சை உங்கள் முகத்துக்கு நேராகச் சுவர்க் கடிகாரம் போல நிமிர்த்திப் பிடியுங்கள், கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். இப்போது வாட்ச்சை மெதுவாக வலப்பக்கம் சுழற்றுங்கள். டயலில் உள்ள எண்கள் சுழல்கின்றன, உறை சுழல்கிறது, ஆனால் ரோட்டார் மட்டும் கீழ்நோக்கியே நிற்கப் பார்க்கும். உங்கள் கண்ணுக்கு ரோட்டார் அசையவே இல்லை, ஆனால் வாட்ச்சின் உள்ளே இருக்கும் சக்கரங்களைப் பொறுத்தவரை ரோட்டார் சுற்றியிருக்கிறது. அந்தச் சார்பு அசைவுதான் ஸ்பிரிங்கை முறுக்குகிறது. மெதுவான அசைவுகளில் நடப்பது இதுவே: புவியீர்ப்பு ரோட்டாரைப் பிடித்து வைத்திருக்கிறது, உங்கள் மணிக்கட்டு அதைச் சுற்றி வாட்ச்சைத் திருப்புகிறது.

வேகமான அசைவுகளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நடக்கும்போது கை வீசி, வீச்சின் முனையில் நின்று திரும்புகிறது. அப்போது கனமான விளிம்பு தன் போக்கில் தொடர்ந்து போகப் பார்க்கும், அதனால் ரோட்டார் சுழலும். புவியீர்ப்பு, நிலைமம் இரண்டும் கலந்தே அன்றாட முறுக்கு நடக்கிறது.

வாட்ச்சை மேஜை மேல் மல்லாக்க வைத்தால் என்ன ஆகும்? ரோட்டார் படுக்கைவாட்டில் கிடக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, புவியீர்ப்பால் அதை எங்கும் இழுக்க முடியாது. வாட்ச் அசையாமல் கிடந்தால் ரோட்டாரும் அசையாது, ஒரு துளி ஆற்றலும் உள்ளே போகாது.

நாடித்துடிப்பு, உடம்புச் சூடு கதைகள் எல்லாம் இத்தோடு முடிகின்றன. ஆற்றல் வருவது உங்கள் தசையிலிருந்து. நீங்கள் சாப்பிட்ட சாப்பாட்டின் மிகமிகச் சிறிய பங்கு, கையைத் தூக்கித் தாழ்த்தும்போது ரோட்டார் வழியாக ஸ்பிரிங்குக்குள் போகிறது. ஓயாமல் தானே இயங்கும் இயந்திரம் என்று சிலர் நினைப்பதுபோல இதில் மாயம் எதுவும் இல்லை. கொடுத்தால்தான் ஓடும். கொடுப்பது உங்களுக்குத் தெரியாமல் நடக்கிறது என்பதுதான் இதன் அழகு.

சரி, எத்தனை தடவை அசைந்தால் போதும்? தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். ரோட்டாரின் எடை 4 கிராம் என்றும், அரைச்சுற்றுச் சுற்றும்போது அதன் எடை மையம் ஒன்றரை செ.மீ. கீழே இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு தடவை விழுந்தால் கிடைப்பது 0.0006 ஜூல். ஸ்பிரிங்கை அடியிலிருந்து முழுதாக நிரப்ப அப்படி ஏறக்குறைய 700 தடவை விழ வேண்டும். ஒரு நாள் முழுவதும் வாட்ச் ஓடச் செலவாவதை மட்டும் ஈடுகட்ட 400 தடவை. உராய்வில் போவதையும், பாதி மட்டும் திரும்பி நின்றுவிடும் அசைவுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். ஆனாலும் கதவு திறப்பது, தலை வாருவது, பை தூக்குவது, பேசும்போது கையை ஆட்டுவது எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், பத்து மணி நேரம் கட்டியிருக்கும் ஒருவருக்கு இது பெரிய எண்ணே கிடையாது.

ரோட்டார் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது, ஆனால் வாட்ச்சுக்குள் இடம் குறைவு. அதனால்தான் அடர்த்தி மிகுந்த உலோகங்களைத் தேடுகிறார்கள். எஃகைவிட டங்ஸ்டனும் தங்கமும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அடர்த்தி. விலை உயர்ந்த வாட்ச்களில் தங்க ரோட்டார் வைப்பது ஆடம்பரம் என்று பலர் நினைக்கிறார்கள், அது பாதி சரி. இயந்திரத்தைத் தடிக்க விடாமல் எடையைக் கூட்ட அது உண்மையிலேயே உதவுகிறது. டயலுக்குப் பின்னால் இயந்திரத்தின் மட்டத்திலேயே புதைந்த குட்டி ரோட்டார், அதாவது மைக்ரோ ரோட்டார் வைக்கும் வாட்ச்களில் இந்த எடை அடர்த்தி இல்லாமல் முடியவே முடியாது.

இப்படியும் அப்படியும் சுற்றுவதை ஒரே திசைக்குத் திருப்புவது

ரோட்டார் ஒரு நேரம் வலப்பக்கம் சுற்றும், மறு நேரம் இடப்பக்கம். ஸ்பிரிங்கின் நடு அச்சோ ஒரு திசையில் மட்டுமே திரும்ப வேண்டும். நடுவில் யாராவது மொழிபெயர்க்க வேண்டும் அல்லவா? அதற்கு இரண்டு வழிகள்.

எளிய வழி, ஒரு திசை அசைவை மட்டும் எடுத்துக்கொண்டு மறு திசை அசைவை வெறுமனே விட்டுவிடுவது. ஸ்டாப்வாட்ச் வசதியும் சேர்ந்த வாட்ச்களில் பரவலாக இருக்கும் 7750 என்ற இயந்திரம் அப்படித்தான். முறுக்காத திசையில் அதன் ரோட்டாருக்கு எதிர்ப்பே இல்லை, கையைச் சட்டென்று திருப்பினால் விர்ரென்று பல சுற்றுகள் சுற்றி, வாட்ச் மணிக்கட்டில் அதிர்வதை உணரலாம். முதல் முறை கட்டுபவர்கள் ஏதோ கழன்றுவிட்டது என்று பயப்படுவார்கள். கழலவில்லை, அதன் இயல்பே அதுதான்.

இரண்டாவது வழி, எந்தத் திசையில் ரோட்டார் சுற்றினாலும் வெளியே ஒரே திசையில் வரும்படி செய்வது. இதற்கு ரிவர்சர் என்ற இரட்டைச் சக்கரங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டுகள், நடுவே குட்டிக் கொக்கிகள். ஒரு திசையில் திரும்பினால் கொக்கிகள் பிடித்துக்கொண்டு இரண்டு தட்டுகளும் சேர்ந்து சுற்றும், மறு திசையில் வழுக்கிவிடும். இப்படி இரண்டு சக்கரங்களை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வைத்தால், எப்போதும் அவற்றில் ஒன்று பிடித்திருக்கும், மற்றது வழுக்கும். 1942-இல் ஃபெல்சா நிறுவனம் கொண்டுவந்த பைடைனேட்டர் என்ற இயந்திரம்தான் இரு திசையிலும் முறுக்கியதில் முதலில் பெயர் வாங்கியது.

சக்கரங்களே வேண்டாம் என்று வேறு வழி போனவர்களும் இருக்கிறார்கள். சீகோ 1959-இல் கொண்டுவந்த மேஜிக் லீவர் என்பது இரண்டு கைகள் கொண்ட ஒரு கவை. ரோட்டாரின் அச்சு மையம் விலகிச் சுற்றும்போது கவை முன்னும் பின்னும் நகரும். முன்னே போகும்போது ஒரு கை பல்சக்கரத்தைத் தள்ளும், பின்னே வரும்போது மறு கை இழுக்கும். சக்கரம் எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்பும். இவ்வளவு குறைந்த பாகங்களில் இரு திசை அசைவையும் பிடித்துவிட்ட இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. சீகோ இன்றும் தன் எளிய விலை இயந்திரங்களில்கூட இதைப் பயன்படுத்துகிறது.

இத்தோடு வேலை முடிவதில்லை. சில கிராம் எடையுள்ள ரோட்டாருக்கு, இறுகிய ஸ்பிரிங்கை நேரடியாகத் திருக வலு போதாது. அதனால் பல்சக்கரங்களை வரிசையாக வைத்து வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டுகிறார்கள். ரோட்டார் பல பத்துச் சுற்றுகள் சுற்றினால் பேரலின் நடு அச்சு ஒரே ஒரு சுற்று நகரும். கிடைத்த ஒவ்வொரு துளி முறுக்கையும் கொக்கி பிடித்து வைத்துக்கொள்ளும், பின்னால் விடாது.

நிரம்பி வழிந்தால்?

சாவி கொடுக்கும் வாட்ச்சில் ஸ்பிரிங் முழுதாக இறுகியதும், உறையின் பக்கவாட்டில் நாம் திருகும் குமிழ் நின்றுவிடும், விரலுக்குத் தெரிந்துவிடும். ரோட்டாருக்கு அதெல்லாம் தெரியாது. நீங்கள் ஓடினாலும் குதித்தாலும் அது முறுக்கிக்கொண்டேதான் இருக்கும். அப்படியானால் ஸ்பிரிங் அறுந்துவிடாதா?

அறாது. ஆட்டோமேட்டிக் வாட்ச்சில் ஸ்பிரிங்கின் வெளிமுனை டப்பாவின் சுவரில் நிரந்தரமாக மாட்டப்பட்டிருக்காது. அந்த முனையில் இன்னொரு வளைந்த உறுதியான பட்டை ஒட்டியிருக்கும், அது சுவரை உள்ளிருந்து அழுத்திப் பிடித்திருக்கும். முறுக்கு ஓர் அளவைத் தாண்டினால் பட்டையின் பிடி தோற்று, சுவரோடு வழுக்கிச் சற்று நகர்ந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். உபரி முறுக்கு அங்கேயே தீர்ந்துவிடும். வழுக்கும் பட்டை என்பது இதுதான். பட்டெக் பிலிப் நிறுவனத்தின் அட்ரியன் பிலிப் இதற்கு 1863-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார், ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் வருவதற்கு அறுபது ஆண்டுகள் முன்பு.

அதிகமாக அசைந்தால் ஸ்பிரிங் இறுகி வாட்ச் கெட்டுவிடும் என்ற பயம் இன்னும் நிறையப் பேரிடம் இருக்கிறது. வழுக்கும் பட்டை தன் வேலையைச் செய்யும்வரை அந்தப் பயத்துக்கு இடமே இல்லை.

ஆக, ரோட்டார் அசைகிறது, ரிவர்சரோ கவையோ அதை ஒரே திசைக்குத் திருப்புகிறது, பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டுகின்றன, கொக்கி பின்வாங்காமல் பிடிக்கிறது, நிரம்பினால் பட்டை வழுக்குகிறது. முறுக்கும் பக்கம் மொத்தமும் இவ்வளவுதான்.

பாக்கெட்டிலிருந்து மணிக்கட்டுக்கு

இந்த யோசனை கைக்கடிகாரத்தோடு பிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1770-களிலேயே சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் ஆப்ரகாம் லூயி பெரெலே தானே முறுக்கிக்கொள்ளும் பாக்கெட் கடிகாரம் செய்தார். 15 நிமிடம் நடந்தால் 8 நாள் ஓடும் என்று 1777-இல் ஜெனீவா கலைச் சங்கத்தின் அறிக்கை அதைப் பற்றிச் சொன்னது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லியேஜ் நகரத்தைச் சேர்ந்த ஹூபெர்ட் சார்ட்டன் 1778-இல் ரோட்டார் வைத்த அமைப்பொன்றின் விவரங்களைப் பாரிஸில் அறிவியல் கழகத்திடம் கொடுத்தார். யார் முதலில் என்ற சண்டை கடிகார வரலாற்றாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.

ஆனால் பாக்கெட் கடிகாரத்துக்கு இது பொருந்தவில்லை. சட்டைப் பையில் நிமிர்ந்தபடி கிடக்கும் பொருள் எவ்வளவுதான் அசையும்? உடம்பிலேயே அதிகம் அலையும் உறுப்பு கை, கடிகாரம் அங்கே வந்த பிறகுதான் இந்த யோசனைக்குக் காலம் பிறந்தது. ஆங்கிலேயரான ஜான் ஹார்வுட் 1920-களில் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்துக்குக் காப்புரிமை பெற்றார், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது விற்பனைக்கும் வந்தது. அவருக்குத் தொல்லை கொடுத்தது சாவி கொடுக்கும் சோம்பல் இல்லை. குமிழ் நுழையும் ஓட்டை வழியாகத் தூசும் ஈரமும் உள்ளே போய் வாட்ச்சைக் கெடுத்துக்கொண்டிருந்தன. குமிழையே எடுத்துவிட வேண்டும் என்றால் சாவி கொடுக்க வேறு வழி வேண்டும், அதற்காகத்தான் அவர் ஆட்டோமேட்டிக் பக்கம் போனார். நேரம் மாற்ற, கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்ப வேண்டும். அவருடைய வாட்ச்சில் எடை முழுச்சுற்று சுற்றாது, இரு பக்கமும் இருந்த சிறு ஸ்பிரிங்குகளில் முட்டித் திரும்பும். ஒரு தடவை நிரம்பினால் 12 மணி நேரம் ஓடும்.

தடையில்லாமல் முழுச்சுற்றுச் சுற்றும் ரோட்டாரை 1931-இல் ரோலக்ஸ் கைக்கடிகாரத்தில் கொண்டுவந்தது. 1948-இல் எட்டெர்னா ரோட்டாரை ஐந்து குட்டி பால் பேரிங் குண்டுகள் மேல் உட்காரவைத்தது, உராய்வும் தேய்மானமும் குறைந்தன. அந்த ஐந்து குண்டுகளே பின்னர் அந்த நிறுவனத்தின் சின்னமாகிவிட்டன.

தொட்டி நிரம்பியே இருப்பதில் ஒரு லாபம்

சாவி கொடுக்கும் சிரமம் குறைகிறது என்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று.

முழுதாக இறுகிய ஸ்பிரிங் பலமாகத் தள்ளும், அவிழ அவிழத் தள்ளும் வலு குறையும். வலு குறைந்தால் பேலன்ஸ் வீலின் ஆட்டம் சுருங்கும். நன்றாக முறுக்கிய நிலையில் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 270 டிகிரிக்கு மேல் ஆடும் சக்கரம், ஸ்பிரிங் தீரப்போகும் நேரத்தில் 200 டிகிரி பக்கம் இறங்கிவிடலாம். ஆட்டம் சுருங்கினால் நேரமும் சற்றுப் பிசகும். எவ்வளவு நன்றாகச் செய்த வாட்ச் ஆனாலும் இந்தப் பிசகை அடியோடு ஒழிப்பது கடினம்.

சாவி கொடுக்கும் வாட்ச் காலையில் நிரம்பி, அடுத்த காலைக்குள் பாதிக்கு மேல் இறங்கி, மறுபடி நிரம்பும். ஆட்டோமேட்டிக் வாட்ச்சைத் தினமும் கட்டினால் பகல் முழுவதும் ஸ்பிரிங் நிரம்பிய நிலைக்குப் பக்கத்திலேயே இருக்கும், தள்ளும் வலுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். நேரம் சீராக இருக்க இது நிஜமாகவே உதவுகிறது. இதையெல்லாம் கவனிக்காமல் ஆட்டோமேட்டிக்கைச் சோம்பேறிகளின் வசதி என்று ஒதுக்கிவிடுவது சரியில்லை.

அப்புறம் ஏன் நிற்கிறது?

வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கழற்றி வைத்தீர்கள், தொட்டியில் 40 மணி நேரத்துக்கான ஆற்றல் இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்குத் தீர்ந்துவிடும். திங்கள் காலை நின்றுதான் இருக்கும். பழுது எதுவும் இல்லை. 80 மணி நேரம் ஓடும் இயந்திரங்கள் இப்போது நிறைய வருவது இந்த வாரக்கடைசிக் கணக்குக்காகத்தான்.

நின்ற வாட்ச்சை எடுத்துக் கிலுகிலுவென்று குலுக்கிவிட்டுக் கட்டிக்கொள்வது பலரது வழக்கம். சில குலுக்கல்களில் வாட்ச் ஓடத் தொடங்கிவிடும், ஆனால் மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள், ஸ்பிரிங்கில் ஏறியது சில நிமிடத்துக்கான ஆற்றல்தான். மேஜையில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் வேலை என்றால் அன்று மாலைவரை தொட்டி நிரம்பவே போவதில்லை, இரவில் கழற்றி வைத்தால் விடியும் முன் நின்றுவிடும். குமிழைக் கடிகார முள் திசையில் 20 முதல் 30 சுற்று திருகிவிட்டுக் கட்டுவதே சரியான வழி. குமிழ் திருகி மூடிய வகையாக இருந்தால் முதலில் அதைத் தளர்த்திக்கொள்ளுங்கள். சீகோவின் 7எஸ்26 போன்ற சில இயந்திரங்களில் குமிழ் வழியாக முறுக்க வழியில்லை, அவற்றை மட்டும் நிமிர்த்திப் பிடித்து மெதுவாக வட்டமாக அசைக்கலாம். பலமாகக் குலுக்கினால் சீக்கிரம் நிரம்பும் என்பதெல்லாம் இல்லை.

கட்டாதபோது வாட்ச்சைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் மின்சாரப் பெட்டிகள் விற்கிறார்கள். நாள், கிழமை, பிறை எல்லாம் காட்டும் சிக்கலான வாட்ச்சைத் திரும்பச் சரி செய்வது பெரிய வேலை என்பவர்களுக்கு அது பயன்படும். சாதாரண வாட்ச்சுக்குத் தேவையில்லை, நின்று கிடப்பதால் அதற்கு ஒரு கேடும் வராது.

ரோட்டார் இருந்துவிட்டாலே ஆட்டோமேட்டிக் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். சீகோவின் கைனெட்டிக் வாட்ச்களில் ரோட்டார் இருக்கும், ஆனால் அது ஒரு குட்டி ஜெனரேட்டரைச் சுற்றி மின்சாரம் எடுக்கிறது, ஓட்டுவது குவார்ட்ஸ் படிகம். டைனமோ கதை அங்கிருந்து பரவியிருக்க வாய்ப்பு உண்டு. அந்த வாட்ச்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

கடைசியாக, தினமும் கட்டியும் வாட்ச் நின்றுபோகிறது என்றால் பழுது எந்தப் பக்கம் என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். குமிழ் வழியாக 40 சுற்று முறுக்கி, மல்லாக்கப் படுக்க வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு தொடாமல் விட்டுவிடுங்கள். தயாரிப்பாளர் சொன்ன நேரத்தை ஒட்டி ஓடிவிட்டு நின்றால் ஸ்பிரிங்கும் எஸ்கேப்மென்ட்டும் நன்றாகத்தான் இருக்கின்றன; உங்கள் கை அசைவு போதவில்லை, அல்லது ரிவர்சரில் எண்ணெய் காய்ந்து வழுக்குகிறது, அல்லது ரோட்டாரின் பேரிங் தேய்ந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே நின்றால் சிக்கல் ஸ்பிரிங்கிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது, எவ்வளவு கையை ஆட்டினாலும் சரியாகாது. பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது இந்த ஒரு தகவலைச் சொல்லுங்கள், எங்கே தேட வேண்டும் என்பது அவருக்கு உடனே பிடிபட்டுவிடும்.